போக இரண்டரை, வர ஐந்தரையா?

கேள்வி: மகனுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு டிக்கெட் எடுத்தோம். காலை 10.30-க்குக் கிளம்பி மதியம் 1.00-க்குப் போய்ச் சேர்கிறது. திரும்பி வர, அதிகாலை 3.30-க்குக் கிளம்பி காலை 9.00-க்குத்தான் வருகிறது. போக இரண்டரை மணி நேரம், வர ஐந்தரையா? எங்கேயோ சுற்றிக் கொண்டுவந்து அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் இதையெல்லாம் எழுத மாட்டீர்களா?
- வாசகர் ஒருவர், கருங்கல்

பதில்: எழுதிவிடலாம். அதற்கு முன் டிக்கெட்டை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். 1.00 என்பதற்குப் பக்கத்தில் எந்த ஊர் பெயர் இருக்கிறது? துபாய். அங்கே மணி ஒன்று ஆகும்போது கருங்கலில் நீங்கள் மதியச் சோறு முடித்து, மணி 2.30. ஆகப் பறந்தது நான்கு மணி நேரம். வரும்போது அங்கே 3.30 என்றால் இங்கே 5.00, ஒன்பதுக்கு இறங்கினால் அதுவும் நான்குதான். சுற்றவும் இல்லை, சுருட்டவும் இல்லை.

நம் கடிகாரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையை (வடக்கு தெற்காகப் போகும் கற்பனைக் கோடு) வைத்து ஓடுகிறது. அவர்களுடையது 60 பாகையை. வித்தியாசம் 22.5. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். அந்த வீதத்தில் பெருக்கினால் 90 நிமிடம். (குமரி முனையே 77.5 பாகைதான். அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சுமாராக 12.20 காட்டும்.)

நேர்க்கோட்டில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர், பெரும்பாலும் அரபிக்கடல். போக வர உண்மையிலேயே வித்தியாசம் வருவது காற்றால், அதுவும் பத்து இருபது நிமிடம். குளிர்காலத்தில் உயரே காற்று மேற்கிலிருந்து வரும். வரும்போது பின்னாலிருந்து தள்ளும். ஆடியில் கதையே வேறு. முப்பந்தல் காற்றாலைகள் மேற்கிலிருந்து வரும் காற்றில் சுற்றிக்கொண்டிருக்க, அதே நாளில் 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். பி. கோட்டேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர் 1958-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். அப்போது போகிறவர்களுக்குத்தான் லாபம்.

கட்டணத்துக்கு வருவோம். அது மணிக்கணக்கில் போடுவது இல்லை. வளைகுடாவில் பள்ளிக்கூடம் அடைக்கும் ஜூலை, ஓணம், கிறிஸ்துமஸ் என்று கூட்டம் எப்போதோ அப்போது ஏறும். அதைக் கேளுங்கள், உங்களோடு நானும் சேர்ந்து கத்துகிறேன். கருங்கலிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர்ந்து, மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் போய் நிற்கிறீர்களே, அது மட்டும் பறக்கிற நேரத்தைவிடக் கூடிப்போகும். அதையும் கேட்கலாம்.

சரி, மகன் திரும்பி வரும்போது கூப்பிடப் போகிறவரிடம் 9.00 என்று மட்டும் சொல்லுங்கள். அது நம்மூர் நேரம்தான். என் சித்தப்பா மகன், படித்தவன், அதிலும் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு பத்தரைக்கு வந்து சேர்ந்தான். அதுவரை பெட்டி மேல் உட்கார்ந்து மூன்று சாயா குடித்தேன்.