ஃபைவ் ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் வாங்கப் போகிறேன். ஸ்கேல் நீளம் 34 இன்ச்சா, 35 இன்ச்சா? எனக்குக் கை சின்னது. இதுவரை நாலு ஸ்ட்ரிங்கில்தான் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன், 35 இல்லாமல் வாங்காதே என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

34 வாங்குங்கள். நாலு ஸ்ட்ரிங்கில் பழகிய கை, மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறீர்கள், "34-ல் லோ பி தொளதொளவென்று ஆடும், 35 இல்லாமல் ஃபைவ் ஸ்ட்ரிங் வாங்காதே" என்று நண்பர் பயமுறுத்தியிருக்கிறார் (லோ பி என்பது ஐந்தாவதாகச் சேர்கிற, எல்லாவற்றிலும் தாழ்ந்து ஒலிக்கும் தடிக்கம்பி). நீங்கள் எழுதியதில் நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். உங்கள் நண்பர் சொல்வது முழுப் பொய் இல்லை, ஆனால் அவர் குற்றம் சொல்ல வேண்டியது நீளத்தை அல்ல, பெரும்பாலும் கம்பியை. நானே இதில் பணத்தை விட்டுவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஒன்று. பாடகர் "என்ன ஸ்கேல்?" என்று கேட்கிற ஸ்கேல் வேறு, இது வேறு. இங்கே பேசுவது நட்டிலிருந்து (கழுத்தின் முனையில் கம்பிகள் பதிந்து போகும் பள்ளக் கட்டை) பிரிட்ஜ் வரை (உடம்பில் கம்பிகள் தாங்கி நிற்கும் இடம்) அதிர்கிற கம்பியின் நீளம். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை அளந்து இரண்டால் பெருக்கினால் வந்துவிடும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் டேப் கேட்டு நீங்களே அளந்துகொள்ளலாம்.

34 என்பது 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு வைத்த அளவு. ஆளுயர டபுள் பேஸில் கம்பி 41, 42 இன்ச் இருக்கும், அதைத் தோளில் மாட்டுகிற மாதிரி சுருக்கியபோது வந்த கணக்கு. அதில் எல்லாவற்றுக்கும் தாழ்ந்த கம்பி ஈ, அதற்குக் கீழே பி என்ற நினைப்பே அப்போது இல்லை. 1965-ல் ஃபெண்டரே ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் ஒன்றைப் போட்டது, அதிலும் ஐந்தாவது கம்பி மேலே உயர்ந்த சி-தான். லோ பி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது, பி 31 தடவை. அதே நீளத்தில் அவ்வளவு கீழே இறக்க வேண்டும் என்றால் கம்பியைத் தடியாக்க வேண்டும், இல்லாவிட்டால் தளர்த்த வேண்டும். எல்லாப் பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது.

நீளத்தைக் கூட்டினால் கம்பி இறுகும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? இழுவிசை நீளத்தின் வர்க்கத்தில் ஏறும், அதனால் 34-லிருந்து 35-க்குப் போனால் கிட்டத்தட்ட 6 சதவீதம். இதையே நீளத்தைத் தொடாமல், பி கம்பியின் தடிமனை மட்டும் 125-லிருந்து 130-க்கு (இன்ச்சில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு) மாற்றினால் ஏறக்குறைய 8 சதவீதம் கூடும் (கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்). அதாவது, வெறும் இறுக்கத்துக்காகத்தான் 35 வேண்டும் என்றால், பேஸை மாற்ற வேண்டாம், ஒரு கம்பியை மாற்றினால் போதும்.

அப்படியானால் 35 எதற்கு? சுத்தத்துக்கு. இதைப் பலர் சொல்வதில்லை. தடிக்கம்பி முழுக்கக் கம்பியாக அதிராது, கொஞ்சம் இரும்புக் கழி மாதிரி விறைத்துக்கொண்டு அதிரும். அப்போது அடிச் சுரத்தோடு கூட வருகிற மேல் ஒலிகள் தங்கள் இடத்தில் நிற்காமல் லேசாக மேலே தள்ளி ஒலிக்கும், காதுக்கு "சத்தம் வருது, ஆனா என்ன சுரம்னு தெரியல" என்று ஆகிவிடும். சின்ன அப்ரைட் பியானோவின் கடைசி இடதுபக்கக் கட்டைகள் குழம்பிக் கேட்பதும், பெரிய கச்சேரி பியானோவில் அதே கட்டைகள் தெளிவாகக் கேட்பதும் இதனால்தான். அதே கம்பியை 35-ல் போட்டால் இந்த விலகல் ஒரு 10 சதவீதத்துக்கு மேல் குறையும். ஆனால் அதே சமயம் மேலே மெல்லிய ஜி கம்பியும் சேர்ந்து இறுகும், பெண்ட் செய்ய (கம்பியைத் தள்ளிச் சுரத்தை ஏற்ற) விரல் நோகும், ஒலி கொஞ்சம் மெலிந்து கேட்கும். ஒரு கம்பிக்காக மற்ற நாலும் அவதிப்படுகின்றன. இதைத் தீர்க்கத்தான் விசிறி மாதிரி சாய்ந்த ஃப்ரெட் வைக்கிறார்கள். டிங்வால் கம்பெனியின் ஃபைவ் ஸ்ட்ரிங்கில் பி பக்கம் 37, ஜி பக்கம் 34. பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் தன் ஆறு ஸ்ட்ரிங்குக்கு 36 வரை போனார். இன்னொரு பக்கம், 1987-ல் வந்த மியூசிக் மேன் கம்பெனியின் ஸ்டிங்ரே 5 வெறும் 34 தான், அதை வைத்து எத்தனையோ பேர் எவ்வளவோ ரெக்கார்டிங் முடித்துவிட்டார்கள்.

சரி, என் கதை. உங்கள் நண்பர் மாதிரி ஒருவர் சொல்லித்தான் நானும் பழைய 35 இன்ச் பேஸ் ஒன்றை வாங்கினேன். கம்பியைப் பேஸின் உடம்புக்குப் பின்பக்கத்திலிருந்து கோத்து இழுக்கிற வகை. வழக்கமாகக் கிடைக்கிற லாங் ஸ்கேல் செட்டைப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் கச்சேரி. பி கம்பி செத்த மாதிரி "டப்" என்று அடங்குகிறது, அடுத்த நொடி ஒன்றுமில்லை. ரிப்பேர் செய்கிற அண்ணனிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, நட்டை மட்டும் உற்றுப் பார்த்தார். "தம்பி, நூல் எங்கே இருக்கு பாரு." கம்பியின் முனையில் சுற்றியிருக்கும் சிவப்பு நூல் நட்டைத் தாண்டி, சுருதி சேர்க்கிற சாவிப் பக்கம் போயிருக்க வேண்டும். எனக்கு அது நட்டுக்கு இந்தப் பக்கம், முதல் ஃப்ரெட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கம்பி அந்த நீளத்துக்குப் போதவில்லை. எக்ஸ்ட்ரா லாங் செட் வேண்டும் என்றார். எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. அன்றைய கச்சேரியை நாலு கம்பியில்தான் ஓட்டினேன். ஃபைவ் ஸ்ட்ரிங் வாங்கியதே எதற்கு என்று நினைத்துப் பாருங்கள்: மூன்று கட்டையில் பழகின பாட்டை, தொண்டை சரியில்லை என்று பாடகர் மேடையிலேயே "ரெண்டுக்கு இறக்கிடுங்க" என்பார், ரெண்டு கட்டை என்றால் டி, நாலு ஸ்ட்ரிங்கில் அந்த டி கீழே கிடையாது, ஒரு ஆக்டேவ் மேலே போய் வாசித்தால் பாட்டுக்கு அடியே காணாமல் போகும். அன்றைக்கும் அதேதான் நடந்தது.

கை சின்னது என்கிறீர்கள். நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை 34-ல் 178 மில்லிமீட்டர், 35-ல் 183. வித்தியாசம் ஓர் அரிசி நீளம். விரல் இதற்காகவெல்லாம் அழாது. அதைவிட ஃபைவ் ஸ்ட்ரிங்கில் ஒரு வசதி உண்டு, ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் வாசிக்கிற எஃப்-ஐ பி கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டில் வாசித்துக்கொள்ளலாம், ஒலி சற்று மந்தமாக இருக்கும் ஆனால் கை நடுக்கழுத்திலேயே நிற்கும். உண்மையில் சின்னக் கைக்குத் தொல்லை கழுத்தின் அகலமும், பேஸ் தோளில் தொங்குகிற விதமும்தான். தோள் பட்டை மாட்டுகிற மேல் கொம்பு 12-ஆவது ஃப்ரெட் வரைக்காவது நீண்டிருக்கிறதா பாருங்கள், குட்டையாக இருந்தால் கழுத்து முழுவதும் இடப்பக்கம் தள்ளிப்போய், 34-லேயே முதல் ஃப்ரெட்டைத் தொட தோள் வலிக்கும்.

கடையில் ஆம்பில் பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். சின்ன ஆம்பாக இருந்தால் பி-யைக் குறை சொல்லாதீர்கள், 31 ஹெர்ட்ஸை அந்த ஸ்பீக்கரால் சரியாகத் தர முடியாது. திறந்த ஈ-யை வாசியுங்கள், உடனே பி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட். இரண்டும் ஒரே சுரம். இரண்டாவது மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது மாதிரி கேட்டால், பிரிட்ஜ் பக்கத்தில் கம்பியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திவிடுங்கள் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடில் என்ற சின்னத் துண்டில் படியாமல் வளைந்து நிற்கும் தடிக்கம்பிகளுக்கு இது பாதி வைத்தியம்), பி பக்கம் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கட்டை) ரொம்ப உயரமாக இருந்தால் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள், காந்தம் கம்பியை இழுத்தாலும் சுரம் அலையும். அதற்குப் பிறகும் குழம்பினால் புது 130 கம்பி ஒன்று போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் 35-ஐக் கையில் எடுங்கள், ஆனால் எக்ஸ்ட்ரா லாங் கம்பி உங்கள் ஊரில் கிடைக்குமா என்று அதே கடையில் விசாரித்துவிட்டு.

அப்புறம், இப்போது வைத்திருக்கிற பையையும் கடைக்குக் கொண்டுபோங்கள். என் பழைய பையில் அந்த 35-ஐ வைத்தால் ஜிப் கடைசி வரை மூடாது, சாவிகள் இருக்கிற ஹெட்ஸ்டாக்கில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க பைக்கில் போய் வந்தேன்.