பெடிகிரி குட்டிக்கு என்ன பெயர் வைப்பது? – கேள்வி பதில்

இங்கிலாந்தில் பதினாறு வருடமாகச் சயாமீஸ் பூனைகளை இனவிருத்தி செய்து வருகிறேன். புதிதாக இதில் இறங்கியவர்கள் பெடிகிரி, அதாவது பூனைச் சங்கத்தில் வம்சம் பதிவாகிற குட்டிகளின் பெயர் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் சயாமீஸ் நான்கு குட்டி போட்டு ஆறு நாள் ஆகிறது. இப்போதே பெயர் வைத்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். கண் திறக்கவே ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். அதோடு சயாமீஸ் குட்டி பிறக்கும்போது பால் வெள்ளையாக இருக்கும். நிறத்தை உண்டாக்கும் நொதி உடம்பின் சூட்டில் சரியாக வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில்தான் செய்யும். தாய் வயிற்றுக்குள் எங்கும் ஒரே சூடு. வெளியே வந்த பிறகுதான் காது, மூக்கு, பாதம், வால் என்று குளிர்ந்த பகுதிகள் கறுக்கத் தொடங்கும். என் முதல் ஈத்தில் ஒரு குட்டிக்கு அவசரப்பட்டுப் ‘பால்நிலா’ என்று பதிவு செய்தேன். வளர்ந்ததும் அவள் முகம் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அவள் பேரப்பிள்ளைகளின் வம்சத்தாளிலும் இன்று அந்தப் பெயர்தான் இருக்கிறது.

மற்ற இனங்களில் கண் நிறத்தை நம்பாதீர்கள். எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலக் கண்தான், பல வாரம் கழித்தே மாறும். ஆணா பெண்ணா என்பதையும் இரண்டு மூன்று முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை எடைக் குறிப்பேட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டால் போதும்.

பெடிகிரி பூனைகளின் பதிவுப் பெயர் ஏன் அவ்வளவு நீளம்? முன்னால் வரும் சொல் எதற்கு?

அதுதான் உங்கள் கேட்டரியின், அதாவது நீங்கள் பூனை இனவிருத்தி செய்யும் இடத்தின் பெயர், குடும்பப் பெயர் மாதிரி. உங்கள் வீட்டில் பிறந்த ஒவ்வொரு குட்டிக்கும் அது முன்னால் வரும், வேறு யாருக்கும் அதே சொல் கிடைக்காது. ராக்டால் இனத்தை 1960களில் கலிபோர்னியாவில் உருவாக்கிய ஆன் பேக்கரின் கேட்டரி ‘ராகெடி ஆன்’. அதனால் அவருடைய புகழ்பெற்ற ஆண் பூனை ‘ராகெடி ஆன் டாடி வார்பக்ஸ்’. பெயரைக் கேட்டதுமே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது இல்லையா?

அமெரிக்காவின் சி.எஃப்.ஏ. என்ற பூனைப் பதிவுச் சங்கத்தில் எல்லாம் சேர்த்து, இடைவெளியும் உட்பட, 35 எழுத்துக்குள் அடங்க வேண்டும். இனவிருத்திக்காக வாங்குகிறவர் தன் கேட்டரி பெயரையும் ‘ஆஃப்’ (of) போட்டுக் கடைசியில் சேர்க்க முடியும். அதற்கும் இடம் வேண்டும். ஆகவே கேட்டரி பெயரைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள், ஆயுளுக்கும் கூடவே வரப்போகிற சொல் அது.

ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு ஒரே எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டுமா?

பிரிட்டனில் கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் பலர் முதல் ஈத்துக்கு ஆங்கில எழுத்து ‘ஏ’, அடுத்ததற்கு ‘பி’ என்று போவார்கள். பிரான்ஸில் ஆண்டுக்கு ஓர் எழுத்து: 2024-க்கு ‘வி’, 2025-க்கு மறுபடி ‘ஏ’. நான் ஈத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்கிறேன். ஓர் ஈத்து முழுக்க ஆறுகள்: வைகை, பொருநை, காவேரி. பெயரைப் பார்த்தாலே யாருடன் பிறந்தவள் என்று எனக்கு நினைவு வந்துவிடும்.

தமிழ்ப் பெயர் வைத்தால் பூனை ஷோவில் நடுவர்களுக்குப் பிடிக்காமல் போகுமா?

போகாது. இங்கே பழைய முறை ஷோக்களில் பூனைக்கு எண் மட்டும்தான். கூண்டில் விரிப்பு, கிண்ணம் எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும், யாருடைய பூனை என்று தெரியக்கூடாது என்பதற்காக.

எழுத்துதான் சிக்கல். ஆங்கில எழுத்தில் பதியும்போது ‘ழ’ சிதைந்துவிடும். யாழினி, குழலி, எழில் எல்லாம் எனக்கு உயிர், ஆனால் அடுத்தவர் வாயில் என்னவாகும் என்று தெரியாது. அல்லி, முத்து, மீனா எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

மேடம், ஆசையாக நான் வைத்த பெயரை வாங்கியவர்கள் மாற்றிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை.

புரிகிறது. ஆனால் இரண்டு பெயருக்கும் வேலை வேறு. பதிவுப் பெயர் வம்சத்துக்கு. 1950-ல் கார்ன்வாலில் ஒரு சுருள்முடிக் குட்டி பிறந்தது. கல்லிபங்கர் என்று பெயர். இன்றைய கார்னிஷ் ரெக்ஸ் பூனைகளின் வம்சத்தைப் பின்னால் தேடிப் போனால் அவனிடம்தான் போய் நிற்கும். அந்த மாதிரி உங்கள் பெயர் தாளில் இருக்கும், அதை அவர்கள் மாற்றவில்லை.

கூப்பிடும் பெயர் அந்த வீட்டுக்குச் சொந்தம். குழந்தைகள் ‘பிஸ்கட்’ என்று கூப்பிட்டு அது ஓடிவந்தால், அதுதானே நமக்கு வேண்டும்? பதின்மூன்று வாரத்தில் வீடு மாறுகிற குட்டி புதுப் பெயரைச் சீக்கிரம் பழகிக்கொள்ளும். பூனைகளுக்குத் தம் பெயர் தெரியும் என்று ஜப்பானில் ஆய்வாளர் அட்சுகோ சைட்டோவின் குழு 2019-ல் காட்டியது. அதே நீளமும் அழுத்தமும் உள்ள வேறு சொற்களிலிருந்து தன் பெயரைப் பூனை பிரித்தறிந்தது. ஆனால் பூனை கஃபேயில், அதாவது பூனைகளோடு பொழுதுபோக்கும் காப்பிக்கடையில் இருந்த பூனைகள் தம் பெயரையும் கூட இருந்த பூனைகளின் பெயரையும் அவ்வளவாகப் பிரிக்கவில்லை. வீட்டில் நிறைய பூனை வைத்திருக்கும் நமக்கு இது முக்கியம். மல்லி, வள்ளி என்று ஒன்றுபோல ஒலிக்கிற பெயர்களை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். வள்ளியும் பாரதியும் என்றால் சரி.

ஒரு குட்டி மூன்றாம் நாளே போய்விட்டது. அதற்கு நினைத்து வைத்திருந்த பெயரை அடுத்த ஈத்தில் வைக்கலாமா?

பதிவாகாத பெயர் என்பதால் விதிப்படி தடை இல்லை. நான் வைக்க மாட்டேன். என் குறிப்பேட்டில் அப்படி ஐந்து பெயர்கள் இருக்கின்றன. பக்கத்தில் எடை, பிறந்த நேரம், தாயின் பெயர். புது ஈத்து வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேறு பெயர் தேட உட்காருவேன்.