பாதியில் நிற்கும் நிரல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிரலாளராகப் பணியாற்றுகிறேன். அலுவலக வேலையைக் குறித்த நாளில் முடித்துக்கொடுக்கும் எனக்கு, வார இறுதிகளில் ஆசையோடு தொடங்கும் சொந்தத் திட்டங்களில் ஒன்றைக்கூட முடிக்க இயலவில்லை. கடைசியாக எழுதியது, என் புத்தகங்களை யார் இரவல் வாங்கிப்போனார்கள் என்று குறித்துவைக்கும் ஒரு செயலி. லாகின் பக்கம், டேட்டாபேஸ் எல்லாம் முடித்தபின் வேறொரு ஃபிரேம்வொர்க்கில் (செயலி எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்பில்) மாற்றி எழுதத் தொடங்கினேன்; அத்தோடு நின்றுவிட்டது. இது சோம்பலா, அல்லது எனக்கு உண்மையான ஈடுபாடே இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குறித்த நாளில் அலுவலக வேலையை முடிப்பவர் வீட்டுக்கு வந்ததும் சோம்பேறி ஆகிவிடுவதில்லை. அலுவலகத்தில் உங்கள் நிரலுக்காக ஒருவர் காத்திருக்கிறார். எது வேண்டும், எது இப்போதைக்கு வேண்டாம் என்பதையும் வேறொருவர் முடிவுசெய்து தந்துவிடுகிறார். சொந்தத் திட்டத்தில் இந்த இருவருமே இல்லை. அந்த இடங்களை நிரப்பாமல் மன உறுதியை மட்டும் கூட்டிக்கொள்வதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் கார்கில் சொன்னதாகக் கணினி அறிஞர் ஜான் பென்ட்லி 1985இல் பதிவுசெய்த வேடிக்கையான விதி ஒன்றுண்டு. நிரலின் முதல் 90 சதவீதம், காலத்தில் 90 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 10 சதவீதம் இன்னொரு 90 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மீதியில் கிடப்பவை பெரும்பாலும் புதிதாகக் கற்க எதுவுமில்லாத வேலைகள்: தேதியைத் தவறாக உள்ளிட்டால் என்ன செய்வது, பட்டியல் காலியாக இருக்கும்போது திரையில் என்ன தெரிய வேண்டும், நீளமான பெயர் கைப்பேசித் திரையில் அடங்காமல் போவதை எப்படிச் சரிசெய்வது. சரியாக இந்த இடத்தில்தான் புதிய ஃபிரேம்வொர்க் கண்ணில் படும். அதில் மாற்றி எழுதினால் நாள் முழுக்க உழைத்த நிறைவு கிடைக்கும். ஆனால் திட்டம் மீண்டும் அதன் தொடக்கத்துக்கே, சுகமான பகுதிக்கே போயிருக்கும்.

உங்கள் செயலியையே பாருங்கள். ஒருவர் மட்டும் பயன்படுத்தப்போகும் ஒன்றுக்கு லாகின் எதற்கு? புத்தகம், வாங்கியவர், தேதி என மூன்று கட்டங்களும் ஒரு பட்டியலும் இருந்தால் முதல் நாளே அது பயன்படத் தொடங்கியிருக்கும். டேட்டாபேஸ்கூட வேண்டாம், ஒரு கோப்பு போதும். லாகினை முதலில் எழுதியதற்குக் காரணம், அதை எப்படி எழுதுவது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் என்று ஊகிக்கிறேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்து, அதில் என்னென்ன வேண்டும் என்று மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் பயனர்களிடம் கேட்டார். அதன் முதல் வடிவமாக அடுத்த மாதம் வெளிவந்த லினக்ஸ் 0.01, மினிக்ஸின் துணையில்லாமல் தொகுக்கக்கூட (எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றக்கூட) முடியாத நிலையில்தான் இருந்தது. அதைப் பிறர் கையில் கொடுக்க அவர் தயங்கவில்லை, காத்திருக்கும் ஆட்களும் அவருக்குக் கிடைத்தார்கள்.

ஆகவே, உங்களிடம் அடிக்கடி இரவல் வாங்கும் நண்பர் ஒருவரிடம் வருகிற ஞாயிற்றுக்கிழமையே இதைக் காட்டுவதாகச் சொல்லிவிடுங்கள். செய்யப்போவதில்லை என்று தீர்மானித்தவற்றை ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். புதிய யோசனை எதுவும் முதலில் அங்கேதான் போக வேண்டும். இன்னொன்று, வாரம் ஒருமுறை மட்டும் வேலை செய்பவருக்குப் பாதி நேரம் விட்ட இடத்தை நினைவுகூர்வதிலேயே கழிந்துவிடும். எழுந்திருக்கும் முன், அடுத்துச் செய்ய வேண்டியது சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனை நிரல் ஒன்றை எழுதி, அது தோல்வியடையும் நிலையிலேயே விட்டுச்செல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அதை ஓட்டிப் பார்த்தாலே எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

பழைய திட்டங்கள் அனைத்தையும் முடிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மொழியைக் கற்க எழுதியது, கற்றவுடன் முடிந்துவிட்டது. அத்தகையவற்றில் எதற்காக எழுதினீர்கள், எதுவரை வந்தது என்று ரீட்மீ என்னும் அறிமுகக் கோப்பில் இரண்டு வரி எழுதி, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஆர்கைவ் செய்து, அதாவது ஆவணமாக மூடி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்