கட்டான்: ஒரு மணித்தியாலமாகக் காட் வராததற்குக் காரணம்

டெமோ மேசையில் கட்டான் போர்ட் கேம் விளையாடி, ஒரு மணித்தியாலமாக மரம், செங்கல், கோதுமை என்று ஒரு காட்டும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல, முதல் இரண்டு வீட்டையும் வைத்த இடம்தான் பிழை. வீடு தொடும் கட்டத்தின் எண் டைஸில் விழுந்தால்தான் காட். 2, 11, 12 எண் கட்டங்களைத் தொடும் மூலைகளில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள்; காட் எப்படி வரும்?

இரண்டு டைஸ் விழக்கூடிய 36 விதத்தில் 6க்கு ஐந்து, 8க்கும் ஐந்து. 12க்கு ஒன்றே ஒன்று. கட்டத்தில் எண்ணுக்குக் கீழே இருக்கும் புள்ளிகள் அதைத்தான் சொல்கின்றன. டெமோ மேசையில் விளக்கினவர் இதை விட்டிருப்பார். பின்னால் பத்துப் பேர் இடம் பார்த்து நின்றால் யாருக்கும் அவசரம்தான்.

நாளைக்கும் போகிறீர்கள் என்றால், வைக்க முன்னம் மூலையைத் தொடும் மூன்று கட்டங்களின் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்கோ. கூட்டுத்தொகை 10க்கு மேல் என்றால் தயங்காமல் வையுங்கோ. 6, 7 என்றால் வேறு மூலை.

ஆனால் புள்ளியை மட்டும் நம்பாதீங்கோ. மரமும் செங்கல்லும் இல்லாவிட்டால் ரோட்டே போட ஏலாது. வெள்ளவத்தையில் எங்கட வீட்டு மேசையில் கோதுமையைக் குவித்து வைத்துக்கொண்டு நான் தோற்றது அப்படித்தான். 7 விழுந்தால், நிற்கிற கட்டத்தில் காட் வராமல் தடுக்கும் கள்ளனை முதலில் 6, 8இல்தான் கொண்டுவந்து வைப்பார்கள், அதையும் யோசியுங்கோ.