கடற்காற்றில் புழுதி எப்படி வந்தது?

கேள்வி: ஜித்தாவில் பணிபுரியும் என் மகன், பிற்பகலில் செங்கடலிலிருந்து காற்று வீசும்போதும் புழுதி குறைவதில்லை என்கிறான். பாலைவனப் பக்கமிருந்து வரும் காற்றில்தானே புழுதி இருக்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் கண்டது சரியே. கடற்காற்று என்றாலே தூய காற்று என நாம் எண்ணுவது, எதிர்க்கரையில் பாலைவனம் இல்லாத ஊர்களில் வாழ்ந்த பழக்கத்தால்தான். செங்கடலுக்கு இரு கரையுமே வறண்ட நிலம். அகலமும் மிகுதியான இடத்திலேயே சுமார் 350 கிலோமீட்டர்தான். கோடைக்காலக் காலைகளில் எதிர்க்கரையிலுள்ள சூடான் மலைகளின் இடைவெளி வழியே சீறிவரும் காற்று, பராக்கா ஆறு தோக்கர் கழிமுகத்தில் சேர்த்துவைத்த நுண்ணிய வண்டலை வாரிக்கொண்டு கடல்மேல் நீண்ட பட்டையாகப் பரவுவதைச் செயற்கைக்கோள் படங்களிலேயே காணலாம்.

அரேபியக் கரையும் தன் பங்கைச் சேர்க்கிறது. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் எழும் நிலக்காற்று, சராவத் மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர்காற்றோடு சேர்ந்து, திஹாமா என்னும் கரையோரச் சமவெளியின் தூசியைக் கடலுக்குத் தள்ளுகிறது. பருமனான மணல் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளி நகர்ந்து அருகிலேயே விழுந்துவிடும். சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவேயுள்ள தூசியோ நாள்கணக்கில் மிதக்கும். மறுநாள் நிலம் சூடேறிக் கடற்காற்று தொடங்கியதும், போன தூசியில் ஒரு பகுதி கடல் உப்புத் துகள்களோடு கலந்து கரைக்கே திரும்புகிறது.

திரும்பிய தூசி எளிதில் கலைவதுமில்லை. பாலைவனத்தின் உட்பகுதியில் பகல் வெப்பம் காற்றைப் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் கலக்கிவிடும். கடற்காற்றின் குளிர்ந்த அடுக்கோ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்குவது. அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்திருப்பதால், தூசி நாம் மூச்சுவிடும் உயரத்திலேயே தங்கிவிடுகிறது. மலையடிவாரத்தை அடைந்து சரிவில் ஏறும்போதுதான் அதற்கு மேலே செல்ல வழி கிடைக்கிறது.

காற்று தூசியைச் சுமப்பது போலவே தூசியும் காற்றை மாற்றுகிறது என்பதே எனக்கு இதில் மிகச் சுவையாகத் தோன்றும் செய்தி. அடர்ந்த புழுதி பகலில் வெயிலை மறைத்து நிலம் சூடேறுவதைக் குறைக்கிறது. இரவில் நிலம் வெளியிடும் வெப்பத்தைத் தடுத்து அது குளிர்வதையும் தாமதப்படுத்துகிறது. நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடே இக்காற்றுகளை இயக்குவதால், புழுதி மண்டிய நாளில் கடற்காற்று சோர்ந்து வீசினால், அதற்கு அந்தப் புழுதியும் ஒரு காரணமாக இருக்கலாம்.