"வாயால் மட்டும்தான்" என்றாலும் பாலியல் நோய் தொற்றுமா?

ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. ஐந்து வாரத்துக்கு முன் ஒருவரோடு வாய்வழி உறவு மட்டும் வைத்திருக்கிறார். இப்போது ஒரு வாரமாகத் தொண்டை வலிக்கிறது. நோய் தொற்றியிருக்குமா, தோட்டத்தில் யாருக்கும் தெரியாமல் எங்கே போய்ப் பார்ப்பது, டொக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்.

தொற்றலாம், தம்பி. எனக்குத் தொற்றியது.

ஏழு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது நான் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தேன். அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தலவாக்கலைப் பக்கம் எங்கள் லயத்துக்கு வந்திருந்தேன். கீழுதட்டின் உட்பக்கத்தில் ஒரு புண். பாசிப்பயறு அளவுதான் இருக்கும். விளிம்பு தடித்து, நாக்கால் தொட்டால் சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. வலி கொஞ்சமும் இல்லை. அம்மா என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய், உதட்டை மடக்கிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு கூடிப்போச்சுடா, ரெண்டு நாளைக்கு வெத்தல போடாத" என்றார். கல்யாண வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து வெற்றிலை போட்டிருந்தேன், அதனால் நானும் அதை நம்பினேன்.

ஆனால் சுண்ணாம்பு வெந்த புண் எரியும். குழம்புக் காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சில நாளில் ஆறியும் போகும். இது எரியவே இல்லை. மூன்று நாலு வாரம் அப்படியே இருந்து, தானாக மறைந்தது. நானும் மறந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் கடையில் பெயின்ட் டின் இறக்கும்போது உள்ளங்கையில் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருப்பதைப் பார்த்தேன். அரிப்பு இல்லை. தின்னர் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்மசியில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். இரவு சப்பாத்தைக் கழற்றினால் உள்ளங்காலிலும் அதே புள்ளிகள். காலில் எப்படித் தின்னர் படும்? அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிபிலிஸ். உதட்டில் வந்தது அதன் முதல் கட்டம், கையிலும் காலிலும் வந்தது இரண்டாம் கட்டம். கிருமி உள்ளே போன இடத்தில்தான் முதல் புண் வரும். சாதாரணமாக மூன்று வாரத்தில் வரும், மூன்று மாதம் வரை தள்ளியும் வரலாம். புண் ஆறிவிடும், ஆனால் கிருமி இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் வருடங்கள் கழித்து மூளையையும் இருதயத்தையும் பாதிக்கும். எனக்கு இரண்டு பக்க இடுப்பிலும் பென்சிலின் ஊசி போட்டார்கள். அன்றிரவு காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம் என்று அங்கிருந்த நர்ஸ் மிஸ் முன்பே சொல்லியிருந்தார். சொன்ன மாதிரியே வந்து, விடியும்போது விட்டுவிட்டது. அதற்குப் பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் கொடுத்து, நோய் இறங்குகிறதா என்று பார்த்தோம். என்னோடு இருந்தவருக்கும் நானே சொல்லி, அவரும் மருந்து எடுத்தார். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அந்த ஒரு போன் பேச்சுத்தான்.

சரி, எப்படித் தொற்றுகிறது? வாயின் உட்பக்கமும் தொண்டையும் பிறப்புறுப்பின் தோலைப் போலவே மெல்லிய, ஈரமான தோல். சில கிருமிகளுக்கு அதுவே போதும். சிபிலிஸ் புண்ணில் வாய் பட்டால் வாய்க்கு வரும், வாயில் புண் இருந்தால் மற்றவரின் உறுப்புக்குப் போகும். அதாவது கொடுப்பவருக்கும் வரலாம், பெறுபவருக்கும் வரலாம். நம் ஊரில் வெற்றிலை, புகையிலை போட்டுக் கன்னத்தில் புண்ணும் ஈறில் இரத்தமும் உள்ளவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட வாய்க்கு ஆபத்து இன்னும் கூட. அதோடு, சிவந்த எச்சிலில் இரத்தம் கசிவதே தெரியாது. வெற்றிலை போடுபவர் வாயில் எந்தப் புண்ணாவது இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், பாலியல் நோயோ இல்லையோ, வாய்ப் புற்றுநோய்க்காகவும் கட்டாயம் காட்ட வேண்டும்.

உங்கள் தொண்டை வலிக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது கொனோரியா என்ற பாலியல் நோய். இது தொண்டையிலேயே தங்கிவிடும், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சிலருக்கு மட்டும் தொண்டை வலி வரும். இந்தப் பனியிலும் மழையிலும் உங்களுக்கு வந்திருப்பது வெறும் தடிமனாகவும் இருக்கலாம், தொண்டை வலிக்கு அதுதான் அடிக்கடி காரணம். ஆனால் வலியை வைத்து முடிவு செய்ய முடியாது. சிறுநீரை மட்டும் சோதித்தால் தொண்டையில் இருக்கும் கொனோரியா அகப்படாது. பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவி எடுக்க வேண்டும். ஒரு தரம் ஓங்கரிக்கும், அவ்வளவுதான். வாய்வழி என்று நீங்கள் சொல்லாவிட்டால் அந்தக் குச்சியை எடுக்க அவர்களுக்குத் தோன்றாமலே போகலாம். பார்மசியில் நீங்களாக அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்காதீர்கள். கொனோரியாக் கிருமி பல மருந்துகளுக்கு இப்போது மசிவதில்லை, தொண்டையில் இருந்தால் விரட்டுவது இன்னும் கஷ்டம். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் வலி குறையும், கிருமி போகாது.

ஹெர்பீஸ் வேறு வகை. காய்ச்சல் விட்ட பிறகு உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் வருமே, "சூட்டுக் கொப்புளம்" என்று விட்டுவிடுகிறோமே, அதைச் செய்யும் வைரஸ் வாயிலிருந்து மற்றவரின் உறுப்புக்குப் போகும். கொப்புளம் இருக்கும்போது முத்தம்கூட வேண்டாம். முழுவதும் குணமாகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம். கிளமிடியா என்ற பாலியல் நோயும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யும் இந்த வழியில் வரக்கூடும். எச்.பி.வி. என்ற வைரஸ் சிலருக்குப் பல வருடம் கழித்துத் தொண்டைப் புற்றுநோயைக் கொண்டுவரும். அந்த வைரஸுக்கான தடுப்பூசியை 2017இலிருந்து பாடசாலைகளில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கென்று கொண்டுவந்த ஊசி அது. உங்கள் தங்கைக்குப் பாடசாலையிலிருந்து அதற்கான சம்மதத் துண்டு வந்தால் வீட்டில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி.யைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகப் பயம் என்று எழுத்திலேயே தெரிகிறது. வாய்வழியாக அது தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. வாயில் புண்ணோ இரத்தமோ இருந்தால் கொஞ்சம் கூடும். எச்சிலால் வராது, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலும் வராது. அம்மாவின் தட்டில் சாப்பிடப் பயப்பட வேண்டாம். இப்போது ஒரு சோதனை செய்துகொண்டு, மூன்று மாதம் ஆனதும் இன்னொன்று செய்தால் மனதில் சந்தேகம் இருக்காது. நானும் அப்படித்தான் செய்தேன், இரண்டிலும் இல்லை.

அடுத்த தடவைக்கு ஆணுறை. அது வாய்வழிக்கும் பொருந்தும். பெண்ணுக்குச் செய்வதானால் ஆணுறையின் நுனியையும் அடி வளையத்தையும் வெட்டிவிட்டு, நீளவாக்கில் கத்தரித்து விரித்து இடையில் வைக்கலாம். பல் துலக்கிய கையோடு வேண்டாம், ஈறு கீறியிருக்கும்.

எங்கே போவது? நுவரெலியா, கண்டி, பதுளை மூன்று இடத்திலும் அரசாங்கக் கிளினிக் உண்டு. வேறு டொக்டரிடமிருந்து துண்டு தேவையில்லை, காசு இல்லை. எனக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள், அடுத்த தடவைகளிலும் அந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஊர் ஆள் யாரும் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தால் நுவரெலியாவை விட்டுக் கண்டிக்குப் போங்கள், பெரிய டவுனில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. நம் பெண்களுக்குக் கர்ப்பமானதும் கிளினிக்கில் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை இரண்டும் போவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆம்பிளைகளை அப்படி யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை, நாமாகத்தான் போக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் டொக்டர் முன்னால் வார்த்தை வரவில்லை. அவர் சிங்களம், எனக்குக் கடைச் சிங்களம்தான் தெரியும், அதில் இதற்குச் சொல் இல்லை. தமிழிலேயே கெட்ட வார்த்தை மட்டும்தான் தெரிந்திருந்தது. தமிழ் பேசும் மிஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல், "வாய்வழியாகவா, தம்பி?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். முதல் தடவையாக அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். நீங்கள் போகும் நாளில் அப்படி ஒருவர் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே இப்போதே ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: "வாய்வழி உறவு, ஐந்து வாரத்துக்கு முன், ஒரு வாரமாகத் தொண்டை வலி." வாய் வராவிட்டால் அதை நீட்டினால் போதும்.