சைக்கிளை விட்டு இறங்கி ஓடினால் கண் இருட்டுகிறது

கேள்வி: எனக்கு 46 வயது, 78 கிலோ எடை. சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை, வாரம் முழுக்க நாற்காலிதான். நான்கு மாதமாக ஞாயிறு அதிகாலையில் நண்பர்கள் பத்துப் பேரோடு திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறேன். ஏறக்குறைய 55 கிலோமீட்டர். வந்து சேர்ந்ததும் எல்லோருமாக 3 கிலோமீட்டர் ஓடுவோம். ஓடத் தொடங்கும்போது கால் மரக்கட்டை மாதிரி கனக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. கடந்த இரண்டு வாரமும் ஓடி முடித்து நின்றவுடன் கண் இருட்டிக்கொண்டு வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிளம்பும் முன் ஒரு காபி, வழியில் 750 மில்லி பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை காலையில் போடுகிறேன். முழங்கால் வலிக்காமல் இருக்க ஒரு டைக்ளோஃபினாக்கும் போட்டுக்கொள்வேன். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள் என்கிறார் மனைவி. நிறுத்தத்தான் வேண்டுமா?

பதில்: ஒரேயடியாக நிறுத்த வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். அதற்குள் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

கால் கனப்பதற்குக் கவலைப்பட வேண்டாம். சைக்கிளில் இடுப்பு மடங்கியபடி இருக்கிறது, உடல் எடையைச் சீட் தாங்குகிறது, தொடைச் சதை ஒரே மாதிரி பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறது. இறங்கி ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அதே சதைகள் இப்போது அந்த அதிர்ச்சியையும் வாங்க வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பழக உடம்புக்குச் சில நிமிடங்கள் ஆகும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியின் வீரர்கள் இதற்கென்றே சைக்கிளையும் ஓட்டத்தையும் அடுத்தடுத்துச் செய்து பழகுகிறார்கள், அதற்கு ‘பிரிக்’ என்று பெயர். அவர்களுக்கும் முதல் கிலோமீட்டர் இப்படித்தான் இருக்கும்.

கண் இருட்டுவதுதான் விஷயம். ஓடும்போது கால் சதைகளின் ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்திருக்கும். கெண்டைக்கால் சதை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரத்தத்தை மேலே, இதயத்துக்குத் தள்ளும். நீங்கள் சட்டென்று நின்றால் அந்தப் பம்ப் நின்றுவிடும், குழாய்கள் மட்டும் விரிந்தபடியே இருக்கும். ரத்தம் காலிலேயே தேங்கி, பிரஷர் விழுந்து, கண் இருட்டும். இது யாருக்கும் வரலாம். உங்களுக்கு இரண்டு வாரம் தொடர்ந்து வந்ததற்கு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சைக்கிளும் ஓட்டமுமாக இரண்டரை மணி நேரம். சென்னைப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். இரண்டரை லிட்டர் போயிருக்கிறது, முக்கால் லிட்டர்தான் குடித்திருக்கிறீர்கள். மீதிக் குறை உங்கள் எடையில் இரண்டு சதவீதத்துக்கும் மேல். சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் இது தெரியாது. இறங்கி ஓடும்போது அந்தக் காற்று இல்லை, அதற்குள் வெயிலும் ஏறியிருக்கும்.

இதோடு உங்கள் மாத்திரைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. டெல்மிசார்டன் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். உடம்பு வறண்டிருக்கும்போது இரண்டும் சேர்ந்து பிரஷரைத் தேவைக்கு மேல் இறக்கிவிடலாம். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. நேரத்தை மாற்றலாமா, நீர் பிரிக்கும் மருந்துக்குப் பதில் வேறு தரலாமா என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். நீங்கள் ஞாயிறுதோறும் இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

டைக்ளோஃபினாக்கை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்த வரி அதுதான். இந்த வகை வலி மாத்திரை, டெல்மிசார்டன் போன்ற மருந்து, நீர் பிரிக்கும் மருந்து மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் வெகுவாகக் குறையும். வறண்ட உடம்பில் இது சிறுநீரகத்தைத் திடீரென்று பழுதாக்கிவிடக்கூடும். அப்புறம், முழங்கால் வலிக்கு முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்.

கூட்டமாகப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் வரிசையில் முன்னால் போகிறவர் காற்றைத் தாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது எளிது. அந்தக் காற்று மறைவில் உங்கள் சக்திக்கு மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள், தெரியாது. ஒரு கையை எடுத்துத் தண்ணீர் குடிக்கவும் தயக்கமாக இருக்கும். முட்டுக்காடு பாலம் வந்தால் நிறுத்திக் குடிப்போம் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். முடியவில்லையா, பின்தங்குங்கள். நல்ல நண்பர்கள் காத்திருப்பார்கள்.

மருத்துவரிடம் போகும்போது அப்பாவின் மாரடைப்பை மறக்காமல் சொல்லுங்கள். 55 வயதுக்கு முன்பே அப்பாவுக்கு இதய நோய் வந்திருந்தால் பிள்ளைக்கும் அபாயம் கூடுதல். நம்மவர்களுக்கு அது மேலைநாட்டினரைவிட இளவயதிலேயே வருகிறது. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் ஆகியவை தேவைப்படும். நின்ற பிறகு மயக்கம் வருவது பெரும்பாலும் நான் மேலே சொன்ன காரணத்தால். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வந்தால், நெஞ்சில் இறுக்கமோ தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ வந்தால், அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். அப்போது வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, உடனே 108.

எல்லாம் சரியாக இருந்தால் மறுபடி தொடங்கும் விதம் இது. முதல் மாதம் 25 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். வாரத்தின் நடுவில் இரண்டு நாளாவது அரை மணி நேரம் மிதியுங்கள். ஆறு நாள் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் மொத்தத்தையும் செய்வது உடம்புக்குத் தண்டனை. கிளம்பும் முன் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். மணிக்கு அரை லிட்டர் அளவில் சிறிது சிறிதாகக் குடியுங்கள், அதில் ஒரு பங்கு ஓ.ஆர்.எஸ். அல்லது உப்பு போட்ட மோராக இருக்கட்டும். பிரஷர் இருப்பதால் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தவறு, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். போகும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி என்று அர்த்தம். எடை கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். சாலையோர இளநீர் ஒன்று குடிக்கலாம். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும், அதனால் அதைச் சாப்பிடுகிறவர் மூன்று நான்கு குடிக்க வேண்டாம்.

கடைசிப் பத்து நிமிடம் லேசான கியரில் மிதியுங்கள். இறங்கியதும் ஐந்து நிமிடம் நடங்கள். பிறகு 1 கிலோமீட்டர், குட்டிக் குட்டி அடிகளாக ஓடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை கிலோமீட்டர் கூட்டலாம். ஓடி முடித்ததும் நிற்காதீர்கள், பத்து நிமிடமாவது நடந்துகொண்டே இருங்கள். படம் எடுத்துக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகு. அப்படியும் கண் இருட்டினால் நிழலில் படுத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். இதை உங்கள் நண்பர்களிடமும் சொல்லிவையுங்கள். விழப்போகிறவரைத் தாங்கிப் பிடித்து நிற்க வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும், அது செய்யவே கூடாது.